தெருப்பெயர் சொல்லும் வெளியுறவு

நடுவர் அவர்களே, புரட்சி செய்த நாட்டின் வெளியுறவை நடத்துவது கொள்கையா, நலனா என்பது தலைப்பு. எதிரணி நண்பர் 1979இல் மன்னராட்சியைக் கவிழ்த்துப் புரட்சி செய்த ஈரானைப் பிடித்துக்கொண்டார். "பெரிய சாத்தான் என்று அமெரிக்காவைத் திட்டிக்கொண்டே 1985, 86இல் அவர்களிடமே ஏவுகணை வாங்கினார்களே, அதுவும் இஸ்ரேல் உதவியோடு! அப்புறம் என்ன கொள்கை?" என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கிவிட்டார்.

சரி, வாங்கினார்கள். ஏன் ஒளித்து வாங்கினார்கள்? 1986 நவம்பரில் லெபனான் பத்திரிகை ஒன்று போட்டு உடைக்கும்வரை ஏன் மூச்சுவிடவில்லை? நலன்தான் எஜமான் என்றால் முன்வாசலிலேயே வாங்கியிருக்கலாமே! ஒருவர் முன்வாசலில் போய்ப் பார்த்தார். 1979 நவம்பர் 1 அன்று ஈரான் பிரதமர் பசர்கான் அல்ஜீரியாவின் தலைநகர் அல்ஜியர்ஸில் அமெரிக்க அதிபரின் பாதுகாப்பு ஆலோசகர் பிரெசின்ஸ்கியைச் சந்தித்தார். புரட்சி விரட்டிய மன்னர் ஷாவுக்கு அமெரிக்கா இடம் கொடுத்த கோபம் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தது. இது எரிகிற தீயில் எண்ணெய். 4ஆம் தேதி மாணவர்கள் அமெரிக்கத் தூதரகத்தைப் பிடித்தார்கள். 6ஆம் தேதி பசர்கான் பதவியில் இல்லை. அதைப் பார்த்தவன் எவன் பகலில் கைகுலுக்குவான்?

ஈரான்-ஈராக் போருக்கு வருவோம். ஈராக் பிடித்த கோரம்ஷார் நகரை 1982 மே மாதம் ஈரான் மீட்டுவிட்டது. ஈராக் அதிபர் சதாம் சமாதானத்துக்கு இறங்கி வந்தார். நலன் பார்க்கிறவர் அங்கேயே கடையைக் கட்டியிருப்பார். இவர்களோ, "ஜெருசலேமுக்கு வழி கர்பலா வழியாக" என்று ஈராக்கில் இருக்கிற புனித நகரைக் காட்டி முழங்கிக்கொண்டு இன்னும் ஆறு வருஷம் பிள்ளைகளைக் களத்துக்கு அனுப்பினார்கள். 1988இல் போர்நிறுத்தத்தை ஏற்றபோது ஈரானின் உச்சத் தலைவர் கொமேனி அதை நஞ்சு குடிப்பதற்கு ஒப்பிட்டார். லாப நஷ்டக் கணக்குப் பார்க்கிறவர் வாயில் வருகிற வார்த்தையா அது? உயிர் பிழைக்க நலன் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எது நலன், எது அவமானம் என்று பிரித்துச் சொல்வது யார்? கொள்கைதான். அங்கேதான் என் அணி நிற்கிறது.

மணி அடிக்கிறது. ஒரே ஒரு தெரு, முடித்துவிடுகிறேன். இஸ்ரேலோடு உடன்படிக்கை செய்ததற்காக 1979இல் எகிப்தோடு உறவை முறித்தது ஈரான். எகிப்து அதிபர் சதாத்தைச் சுட்ட இஸ்லாம்பூலியின் பெயரைத் தெஹ்ரானில் ஒரு தெருவுக்கும் வைத்தது. எகிப்து இதைச் சொல்லிச் சொல்லி முகம் சுளித்தது. உறவைச் சீர்செய்ய வேண்டும் என்று 2004இல் தெஹ்ரான் நகர மன்றம் பெயரை மாற்றத் தீர்மானித்தது. நலன் ஜெயித்துவிட்டது என்று எதிரணி துள்ள வேண்டாம். தேர்ந்தெடுத்த புதுப் பெயர் என்ன தெரியுமா, நடுவர் அவர்களே? இஸ்ரேலுக்கு எதிரான பாலஸ்தீனர் எழுச்சியின் பெயர்: இன்டிஃபாடா.