கைப்பழக்கத்துக்கு ஒரு கைபேசி

மேடையை அலங்கரிக்கும் தலைவர் அவர்களே, தம் நேரத்தில் ஐந்து நிமிடத்தை எனக்கு விட்டுக்கொடுத்த முன்பேச்சாளர் அவர்களே, காலையிலிருந்து இந்த ஒலிபெருக்கியோடு மல்லுக்கட்டும் தம்பி அவர்களே, கடைசி வரிசையைத் தேடிப் பிடித்து அமர்ந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களே, வணக்கம்.

வகுப்பில் படம் காட்டிப் பாடம் நடத்துவதில் திரை, ஒலி, மதிப்பீடு என்று மூன்றைப் பற்றிப் பேச வந்தேன். மூன்றுக்கும் ஔவையின் ஒரே வரி போதும்: சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்.

1913இல் தாமஸ் எடிசன் ஒரு ஆரூடம் சொன்னார். பள்ளிகளில் புத்தகத்துக்கு இனி வேலை இல்லை. எல்லாப் பாடத்தையும் திரைப்படமே நடத்தும். பத்தே ஆண்டுகளில் பள்ளிக்கூடம் தலைகீழாக மாறிவிடும் என்றார். சொன்னவர் யார்? 1877இல் ஒலிப்பதிவுக் கருவியை உலகுக்குக் கொடுத்தவர்! அவரே ஊமைப்படத்தை நம்பினார். காது மந்தமானவர், கண்மேல் கூடுதல் நம்பிக்கை வைத்தாரோ என்னவோ. பத்தாண்டு போனது, நூறாண்டும் போனது. புத்தகப்பை இன்னும் பிள்ளைகளின் முதுகில்தான் தொங்குகிறது. அவர் கணக்கில் பிள்ளைக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்று: இருட்டில் உட்கார்ந்து பார்ப்பது. அதில் கைப்பழக்கமும் இல்லை, நாப்பழக்கமும் இல்லை.

திரையை விரைவாக முடிக்கிறேன். கடைசி வரிசை, படத்தின் உயரத்தைப் போல ஆறு மடங்கு தூரத்துக்குள் இருக்கட்டும். முழுப் பத்தியைத் திரையில் போட்டு, அதையே வாசிக்காதீர்கள். கண் முந்தும், காது பிந்தும், இரண்டும் குழம்பும்.

ஒலியில் அடிக்கடி நடக்கும் கோளாறு இது. கணினியையும் புரொஜெக்டரையும் இணைக்கும் எச்.டி.எம்.ஐ. கம்பியைச் செருகியதும் கணினி, படத்தோடு ஒலியையும் புரொஜெக்டருக்கே அனுப்பிவிடும். அதனுள் இருக்கும் குட்டி ஸ்பீக்கர் முனகும்; பெரிய ஸ்பீக்கர் கெட்டுவிட்டதென்று பழிபோடுவோம். கணினியின் ஒலி அமைப்புகளுக்குள் போய், வெளியீட்டைப் பெரிய ஸ்பீக்கருக்கு மாற்றினால் தீர்ந்தது. மணி அடிப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

சரி, என் வழக்குக்கு வருகிறேன். மாதத்துக்கு ஒரு பாடத்தையாவது பிள்ளைகளே படமாக்கட்டும். நால்வர் ஒரு குழு. ஆறு தாளில் ஆறு படம். உரை நூறு சொல்லைத் தாண்ட வேண்டாம். தாண்டினால் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். புத்தகங்களை உயரமாக அடுக்கி, கேமரா விளிம்புக்கு வெளியே நீளும்படி கைபேசியை அவற்றின்மேல் வைத்துத் தாளைப் படமெடுங்கள். வெளிச்சம் பக்கவாட்டுச் சன்னலிலிருந்து வரட்டும். தலைக்கு மேல் விளக்கு எரிந்தால் கைபேசியின் நிழல் தாளில் விழும்.

குரல் பதியும்போது மின்விசிறியை நிறுத்துங்கள், கைபேசியை விமானப் பயன்முறையில் போடுங்கள். வாய்க்கும் கைபேசிக்கும் ஒரு சாண் இடைவெளி, அதுவும் சற்றே பக்கவாட்டில். நேர் எதிரே பிடித்தால் 'ப' வரும் இடமெல்லாம் காற்று வெடிக்கும். தொடங்குமுன் மூன்று விநாடி மௌனம். வெட்டி ஒட்ட அது உதவும். எழுதுவது, வரைவது, பேசுவது, பதிவது என்று வேலையை மாதாமாதம் மாற்றிக் கொடுங்கள். இல்லாவிட்டால் கைபேசி பிடித்தவனே எல்லாம் செய்வான், மூவர் வேடிக்கை பார்ப்பார்கள். எடிசன் வகுப்புதான் மறுபடியும்! சித்திரமும் கைப்பழக்கம் என்பது நால்வருக்கும் சேர்த்துத்தானே?

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மதிப்பீடு அவருக்குப் பிடித்த தலைப்பு. முடிவுரையில் அவரே பேசட்டும். கீழே மேசையில் ஆறு வெள்ளைத்தாளும் ஒரு கைபேசியும் வைத்திருக்கிறோம். பின்வரிசையிலிருந்து நால்வர் முன்னே வாருங்கள்.