‘சைலோ’ தொடர் ஏன் இவ்வளவு மெதுவாக நகர்கிறது? கல்லடிச் சகோதரியின் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். கல்லடியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: “‘சைலோ’ தொடரில் இரண்டு அத்தியாயங்கள் பார்த்துவிட்டேன், எதுவுமே நடக்கவில்லை. ஆனால் என் மகன் விடிய விடிய இருந்து பார்க்கிறான். அப்படி என்னதான் அதில் இருக்கிறது?” நியாயமான கேள்வி. முக்கியமான இரகசியங்களை உடைத்துவிடாமல் பதில் சொல்கிறேன்.

தொடரைப் பார்க்காதவர்களுக்காக அடிப்படையை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஹியூ ஹாவி 2011இல் தாமே வெளியிட்ட கதையிலிருந்து உருவாகி, 2023 மே மாதம் ஆப்பிள் டிவி பிளஸ் தளத்தில் தொடங்கிய தொடர் இது. சைலோ என்றால் தானியக் களஞ்சியம். நாம் அறிந்த நெற்களஞ்சியங்கள் நிலத்துக்கு மேலே நிற்பவை. இதுவோ நிலத்துக்குள்ளே 144 தளங்கள் இறங்குகிறது, நெல்லுக்குப் பதிலாகப் பத்தாயிரம் மனிதர்கள் அதற்குள் வாழ்கிறார்கள். வெளிக்காற்று நஞ்சு என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. இந்தக் களஞ்சியத்தை யார் கட்டினார்கள், ஏன் கட்டினார்கள் என்பது எவருக்கும் தெரியாது. 140 ஆண்டுகளுக்கு முன் நடந்த கிளர்ச்சியில் பதிவுகளெல்லாம் அழிந்துபோயின என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறார்கள். “எனக்கு வெளியே போகவேண்டும்” என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டால், அந்தச் சொல்லை மீளப்பெற முடியாது. கவச உடை அணிவித்து அனுப்பிவிடுவார்கள்.

சகோதரி, அந்தக் களஞ்சியத்தில் மின்தூக்கி கிடையாது என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். மேலிருந்து கீழ்வரை ஒரேயொரு சுழல் படிக்கட்டுத்தான். மேல்தளத்து மேயர் அடித்தளத்துப் பொறியியலாளர் ஒருவரைச் சந்திக்க இறங்குவதே ஒரு யாத்திரை போலக் காட்டப்படுகிறது. மனிதர்களின் கால் போகும் வேகத்தில்தான் அங்கே உண்மையும் போகிறது, ஆகவே கதையும் அந்த வேகத்தில்தான் போகிறது. இதை இயக்குநர்களின் சோம்பல் என்று நான் எண்ணவில்லை. மேலே இருப்பவர்கள் கீழே இருப்பவர்களை ஆள்வதற்கு அந்தப் படிக்கட்டே போதுமான கருவியாக இருக்கிறது என்பதை, ஏறி இறங்கும் களைப்பின் வழியாக நமக்கு உணர்த்துகிறார்கள்.

அடுத்தது, பழைய உலகத்தின் பொருள்களை வைத்திருப்பது அங்கே குற்றம். பிள்ளைகள் அழுத்தி மிட்டாய் எடுக்கும் ஒரு சிறிய பிளாஸ்டிக் பெட்டி வருகிறது. கையில் வைத்திருப்பவருக்கு அது என்னவென்றே தெரியாது. பார்த்தவுடனே நமக்குத் தெரிந்துவிடுகிறது. அந்தப் பொருளைப் பற்றி அவர்களைவிட நாம் அதிகம் அறிந்திருக்கிறோம், ஆனால் அவர்கள் வாழும் இடத்தைப் பற்றி அவர்களைப் போலவே ஒன்றும் அறியாமல் இருக்கிறோம். உங்கள் மகனை உறங்கவிடாமல் வைத்திருப்பது இந்த நிலைதான் என்று நினைக்கிறேன்.

நமது வட்டக்களரியில், அதாவது வட்டமான கூத்து அரங்கில், விடிய விடியக் கூத்துப் பார்த்தவர்களுக்கு மெதுவான கதை புதிதல்ல என்று ஒருவர் சொல்லக்கூடும். ஒரு அரசன் வரவுக்கே எவ்வளவு நேரம் மத்தளம் ஒலிக்கிறது! ஆனால் இரண்டும் ஒன்றல்ல. கூத்தில் கதை முன்பே தெரியும். ஆட்டத்தையும் பாட்டையும் கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாரின் திறமையையும் சுவைப்பதற்காகவே நாம் உட்கார்ந்திருக்கிறோம். இங்கே கதை தெரியாது என்பதே நம்மை இருத்திவைக்கிறது. அதனால்தான் இத்தகைய தொடரில் காத்திருப்பதற்கு ஈடாக அவ்வப்போது எதையாவது கொடுத்தாக வேண்டும்.

கொடுக்கிறார்களா என்றால், மூன்றாவது அத்தியாயத்தில் கொடுக்கிறார்கள். களஞ்சியம் முழுவதற்கும் மின்சாரம் தரும் ஒரே மின்பிறப்பாக்கி பழுதடைந்திருக்கிறது. நிறுத்தாமல் திருத்த முடியாது; நிறுத்தினால், அடைபட்ட நீராவியின் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். ரெபேக்கா பெர்கசன் நடிக்கும் ஜூலியட் அந்தக் குறுகிய நேரத்துக்குள் இறங்கி வேலை செய்கிறாள், மேலே ஒவ்வொரு தளமாக இருளில் மூழ்குகிறது. 2022இல் இலங்கையில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டை அனுபவித்த நமக்கு, மக்கள் இருட்டில் பேசாமல் காத்திருக்கும் அந்தக் காட்சியை விளக்கவே தேவையில்லை. துப்பாக்கி இல்லை, துரத்தல் இல்லை. இருந்தும் நான் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டேன்.

குறையும் இருக்கிறது. இரண்டாம் பருவத்தில் கதை இரண்டு இடங்களாகப் பிரிந்து ஓடுகிறது. சில அத்தியாயங்கள் தேவைக்கு மேல் நீட்டப்பட்டவை என்பது என் அபிப்பிராயம். முதற்பருவத்தின் பத்து அத்தியாயங்களைப் பற்றி எனக்கு அப்படி ஒரு குறையும் இல்லை.

ஆகவே சகோதரி, இரண்டோடு விட்டுவிடாமல் மூன்றாவது அத்தியாயத்தையும் பாருங்கள். அதன் பிறகும் பிடிக்கவில்லையென்றால் தாராளமாக நிறுத்திவிடலாம். பெரும்பாலான காட்சிகள் மங்கலான வெளிச்சத்தில் எடுக்கப்பட்டவை. பகல் வெளிச்சத்தில் கைப்பேசியில் பார்த்தால் முகங்கள்கூடத் தெரியாது. இரவில், விளக்கை அணைத்துவிட்டு, முடிந்தால் மகனோடு இருந்து பாருங்கள். அவனுக்கு முடிவு தெரியும் என்றால், வாயைத் திறக்கக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.