கைக்குழந்தையோடு கரைக்கும் காட்டோரத்துக்கும்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட நேயர்கள் அனைவருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

கைக்குழந்தைகளையும் ஐந்து வயதுக்கு உட்பட்ட சிறு பிள்ளைகளையும் கடற்கரைக்கும் வாவிக்கரைக்கும் குளக்கட்டுக்கும் காட்டோரத்துக்கும் அழைத்துச் செல்வது பற்றிப் பேசும்படி நிலையத்தார் என்னைக் கேட்டிருக்கிறார்கள். குடும்பநல உத்தியோகத்தராக வீடு வீடாகச் சென்ற காலத்தில் இளம் தாய்மார் என்னிடம் ஓயாமல் கேட்ட கேள்வி, "மிசி, பிள்ளைய எப்ப வெளியில கொண்டு போகலாம்?" என்பதுதான். 31ஆம் நாள் துடக்குக் கழித்ததும் கோயிலுக்குக் கொண்டுபோகலாம் என்று அம்மம்மாமார் சொல்வார்கள்; நாற்பது கழியட்டும் என்று முஸ்லிம் வீடுகளில் சொல்வார்கள். அந்த நாட்களை நான் குறை சொன்னதில்லை. அவை பெற்றவளுக்கு ஓய்வையும் பிள்ளைக்குத் தொற்றுநோயிலிருந்து காவலையும் தருகின்றன. என்னுடைய கவலை அதற்குப் பிந்திய நாட்களைப் பற்றியது. ஒரு பக்கம் கடலும் மறு பக்கம் வாவியும் கிடக்கும் ஊரில் பிறந்த பிள்ளை, கிளினிக்குக்கும் கோயிலுக்கும் மட்டும் வெளியே வந்து, மற்ற நேரமெல்லாம் கைபேசிக்கு முன்னால் வளர்ந்து, நண்டைப் படத்தில்தான் முதலில் பார்க்கிறது.

இது நம்முடைய பழைய வழக்கம் அல்ல. வயல் வேலைக் காலத்தில் தாய்மார் வரம்போரத்து மருதமரக் கிளையில் ஏணை கட்டிப் பிள்ளையை உறங்கவைத்தார்கள். உகந்தையில் காட்டுப்பாதை திறந்ததும் குமண வழியாகக் கதிர்காமத்துக்கு நடக்கும் அடியார்களிடையே, பிள்ளையைத் தோளில் ஏற்றிச் செல்லும் தகப்பன்மாரை இன்றும் காணலாம். இடையில் போர்க்காலம் காட்டையும் வயலையும் நம்மிடமிருந்து பறித்தது. 2004 டிசம்பர் 26 கடலையும் பறித்தது. நாவலடியிலும் கல்லடியிலும் கல்முனையிலும் மருதமுனையிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்களிடம், கடலைக் கண்டு அஞ்ச வேண்டாம் என்று சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. ஆயினும் கடலை அறியாமல் வளர்ந்த பிள்ளை கடலிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ளவும் அறியாது என்பதை, அந்தத் துயரை மதித்துக்கொண்டே சொல்ல விரும்புகிறேன்.

பெரியவர்கள் பயணம் என்றால் தூரத்தை நினைக்கிறார்கள். வானை வாடகைக்குப் பிடித்து, பாசிக்குடா, அறுகம்பை, லகுகல, இங்கினியாகல என்று ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று புறப்படுகிறார்கள். ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு அந்தப் பெயர்கள் எதுவும் பொருட்டல்ல. காலை வேளையில் கல்லடிக் கரையில் அப்படி ஒரு பிள்ளையை இறக்கிவிட்டுப் பாருங்கள். முதலில் மணல் காலில் பட்டதும் பாதத்தைச் சுருக்கிக்கொண்டு தாயின் சேலையைப் பிடிக்கும். பிறகு ஒரு விரலால் மணலைத் தொடும். அதன் பிறகு, வளைக்குள்ளிருந்து கண்ணை நீட்டிப் பார்த்துவிட்டு மீண்டும் உள்ளே ஓடும் நண்டைக் கண்டதும் அப்படியே குந்தி, அது மறுபடியும் வெளியே வரும்வரை காத்திருக்கும். வீட்டில் ஓர் இடத்தில் இருக்காத பிள்ளை அது. அதைத் தூக்கிக்கொண்டு "வா, அங்கால போய்ப் படம் எடுப்பம்" என்று நடக்கும் பெற்றோர், பிள்ளை எதற்காக வந்ததோ அதையே பாதியில் நிறுத்திவிடுகிறார்கள்.

வெயிலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கைக்குழந்தையின் உடம்பு பெரியவர்களின் உடம்பைவிட விரைவாகச் சூடேறும். வியர்த்துக் குளிரும் ஆற்றல் அதற்கு இன்னும் முற்றவில்லை. ஆகவே காலை ஒன்பது மணிக்கு முன்னரோ, மாலை நான்கு மணிக்குப் பின்னரோ போவதுதான் முறை. கச்சான் காற்று அனலாக வீசும் மாதங்களில் காலை வேளையே நல்லது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளையை நேர் வெயிலில் வைத்திருக்கவே கூடாது. அந்த வயதில் வெயில் கிறீமை நம்பக் கூடாது, மர நிழலையும் மெல்லிய பருத்தி உடுப்பையுமே நம்ப வேண்டும். பனி பிடிக்கும் என்று கம்பளித் தொப்பி போட்டு, துவாயால் முகத்தையும் மூடிக்கொண்டு போகும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. மூடிய துணிக்குள் சூடு தேங்கும். பிள்ளையின் முகமும் நமக்குத் தெரியாது. நிறுத்திய வாகனத்தினுள் பிள்ளையை ஒரு நிமிடம்கூட விட்டுச் செல்ல வேண்டாம். வெயிலில் நிற்கும் வாகனத்தின் உள்வெப்பம் பத்து நிமிடத்திலேயே பத்துப் பாகை செல்சியஸ் அளவுக்கு ஏறிவிடும்.

சேலையாலோ தோள்பையாலோ பிள்ளையை நெஞ்சோடு கட்டிச் சுமப்பவர்கள், அதன் முகம் எப்போதும் கண்ணுக்குத் தெரிகிறதா, நாடி, அதாவது மோவாய், நெஞ்சில் குத்தாமல் இருக்கிறதா, குனிந்தால் உச்சியில் முத்தமிடக்கூடிய உயரத்தில் தலை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நாடி நெஞ்சோடு ஒட்டினால் சிறு பிள்ளையின் மூச்சுப்பாதை அடைபடும். தாகத்துக்கும் ஒரு விதி உண்டு: ஆறு மாதம் நிறையும்வரை எத்தனை வெயிலானாலும் தாய்ப்பால் மட்டுமே போதும், அதை அடிக்கடி கொடுத்தால் சரி, தண்ணீர் தேவையில்லை. அதன் பிறகு கொதித்தாறிய நீரையும் வீட்டுச் சாப்பாட்டையும் எடுத்துச் செல்லுங்கள். கடற்கரையில் வாங்கும் வறுத்த கச்சானையும் கடலையையும் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு முழுதாகக் கொடுக்க வேண்டாம். ஓடியாடிச் சிரிக்கும் பிள்ளைக்கு அது மூச்சுக்குழலில் போய் அடைக்கும்.

இனி நீர். இந்த உரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதாயின் இதை வைத்துக்கொள்ளுங்கள். பாசிக்குடாவில் கடல் நெடுந்தூரம் ஆழமின்றிக் கிடப்பதால் அதைப் பிள்ளைகளின் கடல் என்று நாம் நம்புகிறோம். அலை அடங்கிய அந்த விரிகுடா நமக்குக் கிடைத்த கொடை என்பதில் ஐயமில்லை. சித்திரை முதல் புரட்டாதி வரை அது தெளிந்து கிடக்கும். ஆனால் நம் முழங்கால் நீர் இரண்டு வயதுப் பிள்ளைக்கு இடுப்புக்கு மேல் வரும். தவழும் பிள்ளை குப்புற விழுந்தால் சாண் அளவு நீரும் உயிரைக் கொண்டுபோகப் போதும். மூழ்கும் பிள்ளை கத்தாது, கை அசைக்காது. ஓசையின்றி, ஓரிரு நிமிடத்தில், பக்கத்தில் நிற்பவருக்கே தெரியாமல் எல்லாம் முடிந்துவிடும். காற்றடைத்த வளையங்கள் காவல் அல்ல. நீட்டினால் பிடிபடும் தூரத்தில் ஒரு பெரியவரின் கை இருக்க வேண்டும். காவல் அது ஒன்றே.

அந்தப் பெரியவர் யார் என்பதை நீரில் இறங்கும் முன்பே பெயர் சொல்லித் தீர்மானியுங்கள். மாமா, சித்தி, அண்ணன்மார் என்று பதினைந்து பேர் நிற்கும் கூட்டத்தில்தான் பிள்ளை தவறுகிறது, ஏனெனில் வேறு யாரோ பார்த்துக்கொள்கிறார்கள் என்று ஒவ்வொருவரும் நினைக்கிறார்கள். பார்க்கும் முறை உள்ளவர் கைபேசியைப் பைக்குள் வைத்துவிட வேண்டும். களைத்தால், "இனி நீ பார்" என்று வாய்விட்டுச் சொல்லி மற்றவரிடம் ஒப்படைக்க வேண்டும். தகப்பன்மாரிடம் நான் உரிமையோடு கேட்பது இது: நீங்கள் நீந்தி மகிழ, பிள்ளையின் தாய் பைகளோடும் பாற்போத்தலோடும் மணலில் காவல் இருக்கும் வழக்கத்தை மாற்றுங்கள். அவளும் கடலில் இறங்கட்டும்.

கல்லடிக் கடலும் கல்குடாக் கடலும் பாசிக்குடா போன்றவை அல்ல. அங்கே சிறு பிள்ளைக்குக் கரை மணலே போதும். பாலமீன்மடுவில் 1913இல் எழுந்த வெளிச்சவீட்டின் பக்கம் பார்க்க அழகானது. ஆனால் முகத்துவாரத்தில் வாவி நீர் கடலோடு கலக்கும் இடத்தின் இழுவை பெரியவர்களையே அடித்துச் செல்லும். வாவியில் முதலைகள் உண்டு என்பதால் கண்டல் மரங்களுக்கிடையே பிள்ளையின் காலை நீரில் விட வேண்டாம். ஓர் எட்டுத் தள்ளி நின்று, ஒற்றைக் கொடுக்குப் பெருத்த சிறு நண்டுகளையும் சேற்றில் துள்ளித் திரியும் மீன்களையும் காட்டுங்கள். பழைய கல்லடிப் பாலத்தின் அருகே நின்று, வாவியில் பாடுவதாகச் சொல்லப்படும் மீனைப் பற்றி நீங்கள் கதை சொல்லும்போது, பிள்ளை சிறகை விரித்துக் காயவைக்கும் நீர்க்காகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். அதுவும் நல்லதே.

பொத்துவில் களப்பிலும் இங்கினியாகல சேனநாயக்க சமுத்திரத்திலும் படகில் ஏறுவோர், பிள்ளையின் அளவுக்கு உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். அங்கியின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கினால் அது பிள்ளையின் நாடிக்கு மேல் ஏறக்கூடாது. கால்களுக்கிடையே ஒரு பட்டி இருக்க வேண்டும். பெரியவர்களின் அங்கி நீரில் பிள்ளையிடமிருந்து கழன்றுவிடும். அளவான அங்கி இல்லையென்றால் கரையிலிருந்து பறவை பார்த்துவிட்டுத் திரும்புங்கள். கொடுத்த முற்பணம் போனால் போகட்டும். லகுகலவில் யானைகளைத் தெருவோரத்திலிருந்தே காணலாம் என்றாலும், பிள்ளைக்குக் காட்டுவதற்காக வாகனத்தை விட்டு இறங்க வேண்டாம்.

பொழுது பட்ட பின் பிள்ளையை வெளியே வைத்திருக்காதே என்று மூத்தோர் சொல்வதற்கு அவர்கள் கூறும் காரணம் எதுவாயினும், பயன் மெய்யானது. டெங்கு நுளம்பு காலையிலும் பொழுது சாயும் வேளையிலும் அதிகம் கடிக்கும். ஆகவே முழுக்கைச் சட்டையும், உறங்கும் பிள்ளைக்கு நுளம்பு வலையும் வேண்டும். நுளம்புக் கிறீமை இரண்டு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பூசக் கூடாது. மாரி மழைக்குப் பின் வயல் நீரில் எலிக்காய்ச்சல் பரவும் என்பதால், காலில் புண்ணுள்ள பிள்ளையை வரம்புச் சேற்றில் இறக்க வேண்டாம். எங்கே போனாலும் 1990 என்ற இலவச அம்புலன்ஸ் இலக்கம் கைபேசியில் இருக்கட்டும்.

முதற் பயணத்துக்கு வீட்டிலிருந்து நடந்தோ முச்சக்கரவண்டியிலோ போகக்கூடிய ஓர் இடத்தைத் தெரிவுசெய்யுங்கள்: கரையோரத்துச் சவுக்கு நிழல், குளக்கட்டு, வாவியோரத்து இருக்கை, எதுவானாலும் சரி. அரை மணி நேரம் போதும். பிள்ளை சிணுங்கத் தொடங்குவதற்கு முன்பே திரும்பிவிடுங்கள். அடுத்த கிழமையும் அதே இடத்துக்கே போங்கள், ஏனெனில் இரண்டாம் முறை அது அந்த மரத்தை அடையாளம் காணும். மூன்றாம் முறை நண்டு வளையைத் தானே தேடும்.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.