பாறுக்காக யார் பேசுவார்?

(கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய கல்லூரி முதல்வர் அவர்களே, தலைமையேற்றிருக்கும் வனச்சரக அலுவலர் அவர்களே, கால்நடை உதவி மருத்துவர் அவர்களே, இனிய தமிழில் வரவேற்ற பேராசிரியர் அம்மா அவர்களே, நாற்காலி போதாமல் தரையில் அமர்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

வனச்சரகர் அவர்கள் நேற்றிரவு முழுக்கக் காட்டுத்தீயோடு போராடிவிட்டு நேரே மேடைக்கு வந்திருக்கிறார். சட்டைக் கையில் சாம்பல் இன்னும் ஒட்டியிருக்கிறது. அவருக்கு முதலில் ஒரு கைதட்டல் கொடுங்கள். நான் கேட்டதும் அரங்கைத் திறந்துவிட்ட முதல்வர் அவர்களுக்கும் என் நன்றி.

காட்டுயிர்ப் பாதுகாப்பில் இளைஞர் குரல் என்பது எனக்குத் தந்த தலைப்பு. யானை வழித்தடம், சாலையில் அடிபட்டுச் சாகும் உயிர்கள், பிணந்தின்னிக் கழுகு என்று நாம் சொல்லும் பாறுக் கழுகுகள் என்று மூன்றைப் பற்றிப் பேச எண்ணியிருந்தேன். யானைக்குப் பேச இந்த மேடையிலேயே நாலு பேர் இருக்கிறார்கள். பாறுக்குத்தான் ஆளில்லை. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். பாறு எங்கே போய் அழும்?

சென்ற அக்டோபர் 2-ஆம் தேதி மலையடிவார ஊர் ஒன்றில் கிராம சபை. தெருவிளக்கு, சாக்கடை, நூறு நாள் வேலை எல்லாம் பேசி முடித்து, கூட்டம் கலையும் நேரம். கல்லூரியில் படிக்கிற ஒரு பெண் எழுந்து, "நான் பாறு பத்திப் பேசணுங்க" என்றாள். கூட்டத்தில் ஒரே சிரிப்பு. முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், "ஏங் கண்ணு, கொழாய்ல தண்ணி வரலைன்னு நாங்க கெடந்து தவிக்கறோம். பொணந்தின்னிக்கு இப்ப என்ன அவசரம்?" என்றார்.

அந்தப் பெண் உட்காரவில்லை. துப்பட்டா முடிச்சை அவிழ்த்து, ஐந்தாறு கண்ணாடி ஊசிக் குப்பிகளை மேசைமேல் வைத்தாள். எல்லாம் கட்டைவிரல் நீளம்கூட இல்லாத காலிக் குப்பிகள். மாட்டுக் கொட்டகைப் பின்புறம் பொறுக்கியது. குப்பிமேல் டைக்ளோஃபெனாக் என்று எழுதியிருந்தது. மனிதருக்கான வலி மருந்து.

"தாத்தா, நீங்க மாடு மேய்ச்ச காலத்துல செத்த மாட்டை யாருங்க சுத்தம் பண்ணுனது?" என்று கேட்டாள்.

பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "பாறுதான் கண்ணு. கூட்டமா எறங்குச்சுன்னா பொழுது சாயறதுக்குள்ள எலும்புதான் மிச்சம். இப்ப நாயிங்கதான் இழுத்துட்டுத் திரியுது. ஊரே நாறுது" என்றார். அப்புறம் எங்கெங்கே பாறு கூடு கட்டியிருந்தது, எந்த மருத மரம், யார் வெட்டியது என்று அவர் சொல்லிக்கொண்டே போக, ஊராட்சிச் செயலர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். சிரித்தவர்கள் யாரும் எழுந்து போகவில்லை.

அந்தக் குப்பிக்குள் என்ன இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். டைக்ளோஃபெனாக் போட்ட மாடு ஓரிரு நாளில் செத்தால், அதைத் தின்ற பாறுவின் சிறுநீரகம் பழுதாகும். யூரிக் அமிலம் உள்ளுறுப்புகள்மேல் வெள்ளையாகப் படியும். சில நாளில் சாவு. 1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகள் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுக்குக் குறைந்துபோயின. காரணம் இந்த மருந்துதான் என்று 2004-இல் ஆய்வாளர்கள் நிறுவினார்கள். பாறு இனம் இப்படிச் சரிய, நூறு சடலத்தில் ஒன்று என்ற அளவுக்கும் குறைவானவற்றில் மருந்து இருந்தாலே போதும். ஒரு சடலத்தில் பத்து இருபது பாறுகள் கூடித் தின்னுமல்லவா? ஆண்டுக்கு ஒரே முட்டை இடும் பறவை இந்த இழப்பை எப்படி ஈடுகட்டும்?

2006-இல் மாட்டுக்கு இம்மருந்தைத் தடை செய்தார்கள். மனித மருந்தை மாட்டுக்குப் போட்டார்கள். அதைத் தடுக்க, 2015-இல் மனித மருந்துக் குப்பி 3 மில்லியைத் தாண்டக் கூடாது என்றார்கள். நாலைந்து குப்பியை உடைத்துப் போடுகிறார்கள். மாட்டின் உடலுக்குள் போனதும் டைக்ளோஃபெனாக்காகவே மாறும் அசிக்ளோஃபெனாக்கையும், பாறுவைக் கொல்லும் இன்னொரு வலி மருந்தான கீட்டோபுரோஃபெனையும் 2023-இல் மாட்டுக்குத் தடை செய்தார்கள். தடை வந்துகொண்டேதான் இருக்கிறது. மருந்துக் கடைக்காரருக்கும் மாட்டுக்காரருக்கும் நேரில் போய்ச் சொல்லத்தான் யாருமில்லை. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும், திரும்பவும் சொல்கிறேன்.

மாட்டுக்காரரை நான் குறை சொல்ல மாட்டேன். வலியில் துடிக்கும் மாட்டைப் பார்த்துக்கொண்டு எந்த விவசாயி சும்மா இருப்பார்? பாறுவுக்குக் கேடு செய்யாத மெலாக்சிகம் இருக்கிறது, மாட்டுக்கும் அது நல்ல வலி மருந்துதான். கால்நடை மருத்துவர் ஐயா தலையசைக்கிறார், அவருக்கு நன்றி. 1992-இல் பிரேசிலின் ரியோ நகரில் நடந்த சுற்றுச்சூழல் மாநாட்டில் 12 வயதுச் சிறுமி ஒருத்தி உலகத் தலைவர்கள் முன் நின்று பேசினாள். உங்களை நான் ரியோவுக்கு அழைக்கவில்லை. உங்கள் ஊர் மந்தைக்குப் போங்கள் என்கிறேன்.

அந்த ஊரில் அன்றைக்கே தீர்மானம் போட்டார்கள். மாட்டுக்குத் தடை செய்த ஊசி போடுவதில்லை, சிறுத்தை அடித்த மாட்டின் மேல் ஆத்திரத்தில் விஷம் தடவுவதில்லை. இரண்டே வரி. சிறுத்தைக்கு வைத்த விஷ மாட்டைத் தின்னும் பாறுவும் சாகுமல்லவா? பதிவேட்டில் முதல் கையெழுத்து அந்தப் பெரியவருடையது.

மாயாற்றுப் பள்ளத்தாக்கில் பாறுகள் இன்னும் கூடு கட்டுகின்றன. அதைச் சுற்றியுள்ள ஊர்ப் பிள்ளைகள் இந்த அரங்கில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அடுத்த கிராம சபை மே 1. பதினெட்டு வயது நிறைந்து வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீங்களும் அதன் உறுப்பினர்தான். அந்த இரண்டு வரித் தீர்மானத்தை நகலெடுத்து வாசல் மேசையில் வைத்திருக்கிறேன். எந்த ஊர், யார் பேசப் போகிறீர்கள் என்று எழுதிவிட்டு ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள். மருந்துக் கடைகளுக்கு முதலில் யார் போவது என்பதைச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து முடிவு செய்வோம். நன்றி, வணக்கம்.