ஏழை என்று ஒத்துக்கொண்டால்தான் பள்ளிக்கூடமா?

வணக்கம் மக்களே. மைக் இன்றைக்கு ஒழுங்காக வேலை செய்கிறது, அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

தாடியஸ் ஸ்டீவன்ஸ் என்றதும் அமெரிக்க வரலாறு தெரிந்தவர்கள் அடிமை ஒழிப்பு, ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் மீதான விசாரணை என்று ஆரம்பித்துவிடுவார்கள். அதெல்லாம் பிற்பாடு. நான் பேசப்போவது 1835. அப்போது அவர் பென்சில்வேனியா மாநில சட்டசபையில் ஓர் உறுப்பினர், கெட்டிஸ்பர்க்கில் வக்கீல், வயது 43.

அந்த மாநிலத்தில் 1809-லேயே ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி என்று ஒரு சட்டம் இருந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பெற்றோர் தங்களை ஏழை என்று ஒத்துக்கொள்ள வேண்டும், வரி மதிப்பிடுகிறவர் அந்தப் பிள்ளைகளின் பெயரைப் பட்டியலில் எழுதுவார், அப்புறம்தான் கட்டணத்தை அரசு கட்டும். ஊருக்கே தெரிந்துவிடும். மானத்துக்குப் பயந்து, பிள்ளை படிக்காவிட்டாலும் பரவாயில்லை என்று பல பேர் இருந்துவிட்டார்கள்.

1834-இல் அதை மாற்றி, எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுப்பள்ளி, செலவுக்கு வரி என்று புதுச் சட்டம் வந்தது. வந்ததுமே கொந்தளிப்பு. ஊரான் பிள்ளை படிக்க நான் ஏன் காசு தர வேண்டும் என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ஜெர்மன் பேசும் குடும்பங்கள். அவர்களுக்கு சர்ச் நடத்தும் சொந்தப் பள்ளிகள் இருந்தன. இது வந்தால் நம் மொழி போய்விடும் என்று பயந்தார்கள். அந்தப் பயத்தை என்னால் சிரித்துத் தள்ள முடியவில்லை.

மறு வருடமே மேலவையில் சட்டத்தை ரத்து செய்ய ஓட்டு விழுந்தது: 19-க்கு 11. கீழவையும் அதே வழியில் போகும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஸ்டீவன்ஸின் சொந்தத் தொகுதிக்காரர்களே சட்டம் வேண்டாம் என்ற பக்கம்.

ஏப்ரல் 11 அன்று அவர் எழுந்தார். இந்த ரத்து மசோதாவுக்குச் சரியான தலைப்பு, 'பணக்காரரிடமிருந்து அடையாளம் தெரியும்படி ஏழைகளுக்குச் சூடு போடும் சட்டம்' என்றுதான் இருக்க வேண்டும் என்றார். வரி கசக்கிறது என்றவர்களுக்கும் பதில் வைத்திருந்தார். குற்றவாளியைத் தண்டிக்க, சிறையில் வைத்துச் சோறு போட வரி கேட்டால் சந்தோஷமாகக் கட்டுகிறீர்கள். அவன் குற்றவாளி ஆகாமல் தடுக்கக் கேட்டால் மட்டும் கூச்சல் போடுகிறீர்களே என்றார். எனக்குப் பிடித்த இடம் இதுதான். தர்மம் செய்யுங்கள் என்று கெஞ்சவில்லை, அவர்கள் கணக்கை வைத்தே அவர்களை மடக்கினார்.

இதில் ஒரு வேடிக்கை. பள்ளிச் சட்டத்தைத் தாங்கிப் பிடித்த கவர்னர் ஜார்ஜ் வுல்ஃப் எதிர்க்கட்சிக்காரர், அதிலும் ஃப்ரீமேசன், அதாவது ரகசியச் சடங்குகள் கொண்ட ஒரு சங்கத்தின் உறுப்பினர். ஸ்டீவன்ஸோ மேசன்களை ஒழிப்பேன் என்று அரசியலுக்கு வந்தவர். பள்ளி விஷயத்தில் மட்டும் அந்த ஆளோடு சேர்ந்து நின்றார்.

கீழவை ரத்தை ஏற்கவில்லை. சட்டம் பிழைத்தது. ரெடிங் ஊர்ப் பெண்கள் அந்தப் பேச்சைப் பட்டுத்துணியில் அச்சடித்து அவருக்குக் கொடுத்தார்கள்.

இவ்வளவு வேகம் எங்கிருந்து வந்தது? வெர்மான்டில் பிறந்தவர், பிறவியிலேயே ஒரு பாதம் வளைந்திருந்தது. அப்பா வீட்டை விட்டுப் போய்விட்டார். நான்கு பையன்களை வைத்துக்கொண்டு அம்மா சாரா உழைத்து இவரைப் படிக்கவைத்தார். டார்ட்மத் கல்லூரியில் பட்டம் வாங்கியது 1814-இல். அந்த ஏழைகள் பட்டியலில் பெயர் எழுதக்கூடிய வீடு என்றால் அது எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

1868-இல் இறந்தார். மற்ற கல்லறைத் தோட்டங்கள் இனம் பார்த்து இடம் கொடுத்ததால், எல்லோரையும் ஏற்ற ஒரு சின்ன இடத்தை லங்காஸ்டரில் தேர்ந்தெடுத்தார். காரணத்தையும் கல்லிலேயே எழுதவைத்தார். உயிலில் அம்மாவுக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது: வருடா வருடம் வசந்த காலத்தில் அம்மாவின் கல்லறையின் நான்கு மூலையிலும் ரோஜாவும் மனதுக்கு மகிழ்ச்சி தரும் வேறு பூக்களும் நட வேண்டும்.