கட்டர் உள்ளே போகுமா?

டர்பன் நேயர்களுக்கு வணக்கம். ஜேக்கப்ஸ், மொபேனி பக்கம் லேத், மில்லிங் வேலை செய்கிறவர்களும், டிசைன் படிக்கிற பிள்ளைகளும் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். கணினியில் எதை வேண்டுமானாலும் வரைந்துவிடலாம். அது மெஷினில் சுலபமாக வெட்ட வருமா என்று டிராயிங்கைப் பார்த்தே சொல்ல முடிய வேண்டும். அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

நான் முதலில் பார்ப்பது உள்மூலைகளை. கட்டர் சுழலுவதால் பள்ளத்தின் மூலை உருண்டுதான் வரும். பள்ளம் 40 மில்லிமீட்டர் ஆழம், மூலை ஆரம் 2 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் போக 4 மில்லிமீட்டர் கட்டர்தான் சரிப்படும். விட்டத்தைப்போல் பத்து மடங்கு வெளியே நீட்டிப் பிடிக்க வேண்டும். கட்டர் அதிரும், சுவர் சாயும், பல நேரம் ஒடிந்தே போகும். ஆரத்தை 6 ஆக்கிவிட்டால் 10 மில்லிமீட்டர் கட்டர் மூலையில் தாராளமாகத் திரும்பும். ஒரே நீளம், ஒரே விசை என்றால் அந்த மெல்லிய கட்டர் இதைவிட ஏறக்குறைய 39 மடங்கு வளையும், ஏனென்றால் விறைப்பு விட்டத்தின் நான்காம் படியோடு ஏறுகிறது. டிராயிங்கில் ஒரே ஒரு எண்ணை மாற்றியதற்கு இவ்வளவு லாபம்! உள்ளே சதுரமான பாகம் உட்கார வேண்டுமென்றால், மூலையில் சற்று வெளியே தள்ளி ஒரு துளை போட்டு இடம் விடலாம்.

அப்புறம் டாலரன்ஸ், அதாவது அளவு எவ்வளவு விலகினால் பொறுக்கலாம் என்பது. பேரிங் உட்காரும் 20 மில்லிமீட்டர் துளைக்கு எச்7 என்ற தரம், அதாவது விலகல் 0.021 மில்லிமீட்டருக்குள், கேட்பது நியாயம். எதையும் தொடாத வெளிப்பக்கத்துக்கும் 0.01 போடுவதை என்னால் ஏற்க முடியாது. அங்கே காசு வீண்.

மரை போடும் குருட்டுத் துளையில், அதாவது மறுபக்கம் வெளிவராத துளையில், மரை வெட்டும் கருவியான டேப்பின் முனைக்கு அடியில் இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கரும்பு ஆலைகள் அரைவையை நிறுத்திப் பழுதுபார்க்கும் ஜனவரி முதல் மார்ச் வரை வருவதெல்லாம் பெரும்பாலும் ஒற்றை உருப்படி வேலை. அதில் வெட்டும் நேரத்தைவிட வைஸ் என்ற இறுக்குப் பிடியில் பிடித்து நேர் பார்க்கும் நேரம்தான் அதிகம். திருப்பிப் பிடிக்கும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் துல்லியம் போய்விடும். ஐந்து பக்கமும் துளை இருந்தால், அவற்றை இரண்டு பக்கத்துக்குள் கொண்டுவர முடியுமா என்று வரைந்தவரிடமே கேளுங்கள். உலோகத்தையும் அப்போதே பேசிவிடுங்கள். 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கட்டர் வெட்டாமல் உரசினால் அந்த இடம் கெட்டிப்பட்டு, அடுத்த கட்டரையும் தின்றுவிடும். துருவுக்குப் பயமில்லாத இடமானால் சாதாரண ஸ்டீலே போதும்.