கயிற்றுக்கு வெளியே

நடுவர் அவர்களே, தாளடி அறுப்பு முடித்த களைப்போடு பந்தலில் வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

விளையாடும் பிள்ளைக்குத் தலைமைப் பண்பு வருவது பெற்றோர் கூடவே நிற்பதாலா, ஒதுங்கி நிற்பதாலா? ஒதுங்கி நிற்பதால்தான் என்பது எங்கள் கட்சி. எதிரணிச் சகோதரி, "அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, பிள்ளை அதைத் தொட அப்பா விரட்டத்தான் வேண்டும்" என்றார். ஒதுக்கீடு உண்மை, ஆசையும் நியாயம். ஆனால் தலைப்பு வேலையைப் பற்றியதல்ல அம்மா, தலைமையைப் பற்றியது.

2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் நம் வடுவூர்ப் பிள்ளை அபினேஷ் ஆடினார். அந்த ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் உங்களுக்கு நான் கபடி சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரே ஒரு விதியை நினைவுபடுத்துகிறேன். எதிரணிக் களத்துக்குள் தனியாகப் பாடிப் போகிற, அதாவது ரைடு போன, பிள்ளைக்குச் சொந்த அணிக்காரனே யோசனை சொன்னால் எதிரணிக்கு ஒரு புள்ளி. கூட ஆடுகிறவனே வாய் திறக்கக் கூடாத அந்த 30 வினாடியில், கயிற்றோரம் நிற்கும் அப்பா "போனஸைத் தொடு, போனஸைத் தொடு" என்று கத்துகிறார். எதிரணிக் களத்தின் போனஸ் கோட்டைத் தாண்டினால் கிடைக்கும் அந்தக் கூடுதல் புள்ளி, எதிரில் 6 பேராவது இருந்தால்தான் செல்லும். 5 பேர் நிற்கும்போதும் அதே கத்தல்! ஓரத்தில் நின்று பிடிக்கிற கார்னர்க்காரன் எந்தக் காலில் கனம் வைத்திருக்கிறான் என்று பார்க்க வேண்டிய கண், குரல் வந்த பக்கம் திரும்புகிறது. அவ்வளவுதான், கணுக்காலை வாரிவிடுவான்.

இனி தலைவனின் கணக்கைப் பாருங்கள். களத்தில் இரண்டே பேர் மிச்சம். விதிப்படி, தலைவன் அந்த இருவரையும் அவுட் என்று தானே அறிவித்து முழு அணியையும் உள்ளே கொண்டுவரலாம். விலை 4 புள்ளி: இருவருக்கு 2, அணி முழுவதும் அவுட்டானால் எதிரணிக்குப் போகும் லோனாவுக்கு 2. ஐந்து புள்ளி முன்னிலையில், ஆறு நிமிடம் பாக்கி என்றால் கொடுத்துவிடலாம். அப்போதும் ஒரு புள்ளி கையில் இருக்கும், ஏழு பேரும் நிற்பார்கள். மூன்றே புள்ளி முன்னிலை, கடைசி நிமிடம் என்றால் கொடுக்கக் கூடாது, ஆட்டமே போய்விடும். களத்தில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ நின்று ரைடரைப் பிடிக்கும் சூப்பர் டேக்கிள் உள்ள போட்டியானால், பிடித்தால் 2 புள்ளி என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். மிச்சமிருக்கும் இருவரில் கார்னர்க்காரன் உண்டா, இருவருமே ரைடர்களா? இதையெல்லாம் நாலைந்து வினாடிக்குள் 15 வயதுப் பிள்ளை முடிவு செய்கிறது. தப்பாகவும் முடிவு செய்யும். செய்யட்டும் நடுவர் அவர்களே! அந்தத் தப்புக்குப் பிறகு ஆறு கூட்டாளிகளின் முகத்தைப் பார்த்து "நான் கணக்கை விட்டுட்டேன்டா" என்று சொல்கிற இடம் இருக்கிறதே, அதை எந்த அப்பாவும் பிள்ளைக்காகக் கடந்துவிட முடியாது.

களம் போடுவதும் அப்படியே. அறுத்த வயலில் தாள் காலைக் கிழிக்கும், காய்ந்த களி பாளம் பாளமாய் வெடித்திருக்கும். உழுது, தண்ணீர் விட்டு, கட்டி உடைத்து, மணலும் மரத்தூளும் கலந்து பரப்ப வேண்டும். யார் மண்வெட்டி பிடிப்பது, யார் கோடு போடுவது என்று பிள்ளைகளே பிரித்துக்கொண்டால் அங்கேயே ஒரு தலைவன் தெரிந்துவிடுவான். பெற்றோர் கூலிக்கு ஆள் விட்டால் களம் மட்டும்தான் கிடைக்கும்.

எனக்கு மனம் பொறுக்காத ஒன்று எடை. 65 கிலோப் போட்டிக்கு 67 கிலோப் பிள்ளையை முதல் நாள் பட்டினி போட்டு, தண்ணீரை நிறுத்தி, உச்சி வெயிலில் ஓடவிடுகிறார்கள். எடைக் கருவி ஏமாறும், உடம்பு ஏமாறாது. இரண்டாவது ஆட்டத்தில் கெண்டைக்கால் சுருட்டிப் பிடிக்கும், தலை சுற்றும். நாக்கு வறண்ட பிள்ளை எந்தப் புள்ளியைக் கணக்குப் போடும்? அடுத்த எடைப் பிரிவில் ஆடட்டுமே!

அப்படியானால் பெற்றோருக்கு வேலையே இல்லையா என்று கேட்டார் சகோதரி. நிறைய இருக்கிறது தாயே. ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் சோறு, இடையில் ஒரு வாழைப்பழம், உப்புப் போட்ட மோர், முட்டிக் காப்பு, இரவு மின்னொளி ஆட்டம் முடிந்தால் கூட்டிப்போக வண்டி. தோற்ற இரவில் வண்டியில் முதல் பேச்சைப் பிள்ளை பேசட்டும். மன்னார்குடி தாண்டும் வரை பேசாமலே வந்தாலும் சரி, நீங்கள் ஆரம்பிக்காதீர்கள்.